இருபத்துமூன்று வயதில் டிராஃப்ட்: நம் வீட்டுப் பையனின் வாய்ப்பை எடைபோடும் முறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று கேரள எல்லைக்குள் தமிழ் பேசி வாழும் எங்கள் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு ஆஸ்திரேலியா போன குடும்பங்கள் உண்டு. சிறு வயதிலேயே அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளைகள், பள்ளி மைதானத்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து, 'ஃபுட்டி' என்று அந்த நாட்டார் சொல்லும் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக்குள் ஊறிவிடுகிறார்கள். மெல்போர்னில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அப்படி ஊறியவன்தான். இருபத்துமூன்று வயதில் ஒருநாள் அவன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மாமா, இந்த வருசம் டிராஃப்டுக்குப் பேரு குடுத்தறலாம்னு இருக்கறனுங்க, அம்மாகிட்ட நீங்கதான் சொல்லோணும்" என்றான். அக்காவிடம் பேசுவதற்கு முன்னால் அவனுடைய வாய்ப்பு எவ்வளவு என்று நானே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைப் போடும் முறையைத்தான், இதே நிலையில் இருக்கும் மாமன்மாருக்கும் சித்தப்பாமாருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

டிராஃப்ட் என்பது ஏலம் அன்று. அங்கே பணம் பேசப்படுவதில்லை. ஆண்டுதோறும் நவம்பரில், இந்த ஆட்டத்தின் உச்ச லீகான ஏஎஃப்எல்லின் கிளப்புகள் தங்கள் முறை வரும்போது ஒவ்வொரு புதிய வீரரின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளும் சடங்கு அது. முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் முறை கிடைக்கும். 1986 முதல் நடந்துவரும் இந்த ஏற்பாட்டில், அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பதினெட்டு வயது நிரம்புகிறவர் எவரும் பெயர் கொடுக்கலாம், மேல் வயது வரம்பு கிடையாது. ஆனால் எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பள்ளியை முடித்த கையோடு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளே. இருபதைத் தாண்டியவர்களை அங்கே 'மெச்சூர் ஏஜ்' என்று தனியாகப் பெயரிட்டு அழைக்கிறார்கள். இருபத்துமூன்று வயதுக்காரனை முதிர்ந்தவன் என்று சொல்லும் ஊரைப் பார்த்து எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

முதல் வேலையாக, பையனைப் பார்க்காமல் கிளப்பைப் பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான குடும்பங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பதினெட்டு வயதுக்காரனைக் கிளப் எடுப்பது மாங்கன்றை வாங்கி நடுவதைப் போன்றது. அவன் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து என்ன ஆவான் என்று பார்த்து எடுக்கிறார்கள், அதுவரை பொறுக்கவும் தயாராக இருக்கிறார்கள். இருபத்துமூன்று, இருபத்தைந்து வயதில் ஒருவனை எடுப்பது வரும் மார்ச் மாதத்தில் ஆட்டம் தொடங்கும்போது குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிறுத்துவதற்காக. அவனுடைய திறமை அந்தக் காலியிடத்தோடு பொருந்தினால் வாய்ப்பு உண்டு, பொருந்தாவிட்டால் அதே திறமைக்கு மதிப்பில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க செவன்ஸ் போதும். பாலக்காட்டிலிருந்து மலப்புறம் வரை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மூங்கில் காலரி கட்டி நடக்கும் அந்த ஏழு பேர் கால்பந்தில், அணி முதலாளி இன்றைய ஆட்டத்துக்கு யார் தேவையோ அவனை வண்டி அனுப்பி அழைத்துக்கொள்வார். எனக்கு இருபத்தொன்பது வயதானபோது ஒரு கிளப்பில் பின்வரிசை ஆட்டக்காரனுக்கு அம்மை போட்டுவிட, இடக்காலால் பந்தை வெளியேற்றத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னை அழைத்தார்கள். என்னைவிட நன்றாக ஆடும் நான்கு பேர் அன்று சித்தூரில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் நால்வரும் முன்வரிசைக்காரர்கள். மூன்று வாரம் கழித்து அம்மை இறங்கியதும் எனக்கு விடை கொடுத்துவிட்டார்கள், கடைசி ஆட்டத்துக்கான பணம் இன்றுவரை வரவில்லை என்பது வேறு கதை. காலியிடம் எப்படி ஒருவனை உள்ளே இழுக்கிறதோ அப்படியே வெளியேயும் தள்ளும் என்பதைச் சேர்த்தே கணக்கில் வையுங்கள்.

காலியிடத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. ஏஎஃப்எல்லில் இப்போது பதினெட்டுக் கிளப்புகள் உள்ளன, ஒவ்வொன்றின் வீரர் பட்டியலும் நாற்பதைச் சற்றுத் தாண்டும், எல்லாமே பொதுவெளியில் கிடைக்கும். செப்டம்பர் இறுதியில் கிராண்ட் ஃபைனல் முடிந்தவுடன் யார் ஓய்வு பெற்றார்கள், யாரை விடுவித்தார்கள் என்ற செய்தி வரத் தொடங்கும். அக்டோபரில் கிளப்புகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும். அது முடிந்ததும் ஒரு நோட்டில் பதினெட்டுக் கிளப்புகளின் பெயரையும் எழுதி, உங்கள் பையன் ஆடும் இடத்தில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் மிச்சம், அவர்களுக்கு என்ன வயது, போன பருவத்தில் எத்தனை ஆட்டங்களைக் காயத்தால் இழந்தார்கள் என்று குறியுங்கள். அந்த இடத்தில் இருபத்தொன்பதைக் கடந்த ஒருவரும் பத்தொன்பது வயதில் இன்னும் பழுக்காத ஒருவரும் மட்டும் இருந்து, நடுவில் ஆளே இல்லாத கிளப்புதான் உங்கள் பையனுக்கான கிளப். அப்படி இரண்டு மூன்று தேறினால் நம்பிக்கை வைக்கலாம். ஒன்றுகூடத் தேறாத ஆண்டில் அவன் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் நான் அக்காவிடம் வாயைத் திறக்க மாட்டேன்.

நடந்த கதைகள் இதையே சொல்கின்றன. ஜீலாங் கிளப் 2016-இல் 40-ஆவது தேர்வாக எடுத்த டாம் ஸ்டூவர்ட் அப்போது இருபத்துமூன்று வயதுத் தச்சர். ஏஎஃப்எல்லுக்கு ஒரு படி கீழே இருக்கும் விஎஃப்எல் என்னும் மாநில லீகில், ஜீலாங்கின் அணியில் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த அவரை மேலே ஏற்றினார்கள், மறு ஆண்டே முதல் அணியில் நின்றார், பிறகு, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து அறிவிக்கும் அகில ஆஸ்திரேலிய அணியில் பலமுறை இடம்பெற்றார். அதே கிளப் முன்வரிசைக்கு உயரமான ஆள் தேடியபோது, அங்கேயே உடற்பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு விஎஃப்எல்லில் கோல் அடித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் போட்சியாட்லியை எடுத்தது. 2010-இல் அவர் முதல் ஆட்டம் ஆடியபோது வயது இருபத்தெட்டு, 2011-இல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். இருவருமே கிளப்பின் கண்ணெதிரே இருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். வயது கூடியவனை எடுக்கும் கிளப் பந்தயம் கட்ட விரும்புவதில்லை, தெரிந்த சரக்கைத்தான் கேட்கும். ஆகவே, உங்கள் பையன் ஏஎஃப்எல் கிளப் ஒன்றின் விஎஃப்எல் அணியில் ஆடுகிறானா, அல்லது தனி விஎஃப்எல் கிளப்பில் ஆடுகிறானா என்று கேட்டுவையுங்கள். முதலாவது என்றால் முடிவெடுப்பவர்கள் வாரந்தோறும் அவனைப் பார்க்கிறார்கள், அந்த ஒரு கிளப்புக்கு அவன் தெரிந்த சரக்கு. இரண்டாவது என்றால் வழி மூடிவிட்டதாகப் பொருளன்று. வெரிபீ அணியிலிருந்து ஃபிரிமான்டிலுக்குப் போன மைக்கேல் பார்லோ, 2010-இல் முதல் ஆட்டத்திலிருந்தே நடுக்களத்தில் நிலைத்துவிட்டார்.

உள்ளே போக ஒரே கதவுதான் என்று நினைத்துக்கொண்டு பலர் மனம் தளர்கிறார்கள். நவம்பரில் நடக்கும் தேசிய டிராஃப்ட் பெரிய வாசல். அதை அடுத்து உடனே நடக்கும் ரூக்கி டிராஃப்ட், பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தோடு பட்டியலின் ஓரத்தில் இடம் தரும் சிறு வாசல். பார்லோ அந்த வழியாகத்தான் வந்தார். பல டிராஃப்டுகளில் கைவிடப்பட்டு, மேற்கு ஆஸ்திரேலிய மாநில லீகின் சுபியாகோ கிளப்பிலிருந்து ரூக்கியாக வெஸ்ட் கோஸ்டுக்குள் நுழைந்த மேட் பிரிடிஸ், 2014-இல் லீகின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தையே வாங்கினார். மூன்றாவதாக, பருவத்துக்கு முந்தைய மாதங்களில் கிளப்போடு பயிற்சி செய்யவிட்டு, பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2022-இல் எசன்டன் அணிக்கு அப்படி வந்த நிக் மார்ட்டின், முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் அடித்தார்.

நான்காவது வாசல்தான் நம் பையன்களுக்கு மிக முக்கியம் என்பது என் கருத்து. 1990 முதல் 1993 வரை இருந்து, பிறகு நின்றுபோய், 2019-இல் திரும்பி வந்த மிட் சீசன் டிராஃப்ட் அது. பருவத்தின் நடுவில், மே இறுதி அல்லது ஜூன் தொடக்கத்தில், நீண்ட காயத்தால் ஒருவர் வெளியேறிய இடத்தை நிரப்பக் கிளப்புகள் ஆள் எடுக்கும். இதிலும் கன்றுகளை எடுப்பதுண்டு, ஆனால் உடனே இடத்தை நிரப்பக் காய்த்த மரம்தான் வேண்டும். 2019-இல் ரிச்மண்ட் கிளப் இருபத்தேழு வயது மார்லியன் பிக்கெட்டை மேற்கு ஆஸ்திரேலிய மாநில லீகின் சவுத் ஃபிரிமான்டில் கிளப்பிலிருந்து இப்படித்தான் எடுத்தது. இளமையில் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் அவர், எடுக்கப்பட்ட நேரத்தில் விரல் உடைந்திருந்தது. அவர் ஆடிய முதல் ஏஎஃப்எல் ஆட்டமே அந்த ஆண்டின் கிராண்ட் ஃபைனல், ரிச்மண்ட் 89 புள்ளிகளில் வென்றது. கிராண்ட் ஃபைனலில் அறிமுகமாகும் ஆட்டக்காரரை அதற்கு முன் லீக் பார்த்தது 1952-இல். இந்தக் கதையைப் பையனிடம் ஒருமுறை சொல்லுங்கள், இரண்டாம் முறை சொல்ல வேண்டாம். அரிதாக நடப்பதை அடிக்கடி சொன்னால் அது வழக்கமாக நடப்பது போல் மனத்தில் பதிந்துவிடும். நவம்பரில் பெயர் வராதவன் ஏப்ரல், மே மாதங்களில் உச்ச ஆட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. ஆகவே டிசம்பரில் ஊருக்கு வந்து இரண்டு மாதம் கல்யாண வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவதாக இருந்தால் அந்த வாசலை மறந்துவிடலாம்.

ஐந்தாவதாக ஒரு பக்க வழி உண்டு, அது என் மருமகனுக்குப் பொருந்தாது. மூன்று ஆண்டுகளாக இந்த ஆட்டத்தில் எங்கும் பதிவு செய்யாத, வேறு விளையாட்டிலிருந்து வருகிறவனைக் கிளப்புகள் 'பி பிரிவு ரூக்கி' என்று டிராஃப்டுக்கு வெளியே சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரரான 211 சென்டிமீட்டர் உயர மேசன் காக்ஸ், இருபத்துமூன்று வயதில் காலிங்வுட்டுக்கு இப்படி வந்து, 2016-இல் முதல் ஆட்டம் ஆடி, 2023-இல் கோப்பையும் வென்றார். வாலிபால் ஆடும் ஆறே முக்கால் அடிப் பையன் உங்கள் வீட்டில் இருந்தால், உள்ளூர் ஃபுட்டி கிளப்பில் விளையாட்டாகக்கூடப் பெயர் பதிவதற்கு முன் இந்த விதியை நினைத்துக்கொள்ளட்டும்.

இப்போது பையனைப் பார்ப்போம். அவனுடைய முழு ஆட்டத்தின் வீடியோவைக் கேளுங்கள். நல்ல இடங்களை மட்டும் வெட்டி ஒட்டிய மூன்று நிமிடத் துண்டு மாப்பிள்ளை வீட்டார் காட்டும் போட்டோவைப் போன்றது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மெல்போர்னில் குளிர்காலச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணி ஆட்டம் நமக்குக் காலை ஒன்பதரை. நேரலை இருந்தால் டீக்கடையில் உட்கார்ந்து முழுவதும் பாருங்கள். பந்து அவனிடம் இருக்கும்போது பார்ப்பது எளிது, பந்து வேறிடத்தில் இருக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். தன் அணி பந்தை இழந்த நொடியில் திரும்பி ஓடுகிறானா, இடுப்பில் கைவைத்து நிற்கிறானா என்று நான் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். முதல் மூன்று கால்பகுதிகளில் ஓடிய என் மருமகன் நான்காவதில் ஏழு முறை நின்றான். அதைச் சொன்னபோது கோபித்துக்கொண்டான், பிறகு அவனுடைய பயிற்சியாளரும் அதையே சொன்னதாக ஒப்புக்கொண்டான்.

அடுத்து உதை. இந்த ஆட்டத்தின் உயிர் 'டிராப் பண்ட்' என்னும் உதையில் இருக்கிறது. ஒரு வருடம் விடுமுறைக்கு வந்தவன் மஞ்சள் நிற ஷெரின் பந்து ஒன்றைக் கொண்டுவந்து, அறுவடை முடிந்த வயலில் எனக்குக் காட்டினான். பந்தை இரு கைகளாலும் தொடைக்கு நேராகப் பிடித்து, ஒரு கையால் வழிநடத்தி நேர்க்குத்தாக விடுகிறான். கீழ்முனை பாதத்தில் படும் அந்தக் கணத்தில் கால்விரல்கள் நீட்டி விறைத்திருக்கின்றன, பந்து பின்னோக்கிச் சுழன்றபடி, வேலிக்கம்பத்தில் கட்டிய துண்டைத் தேடிப் போகிறது. நான் விட்டபோது பந்து கையிலேயே சாய்ந்து, முழங்காலில் பட்டு வரப்புக்கு ஓடியது. பிழை காலில் அன்று, விடும் கையில் இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. வீடியோவில் அவனுடைய கையைப் பாருங்கள். எதிரி துரத்தும்போதும், பழகாத காலால் உதைக்கும்போதும், பந்து நேர்க்குத்தாக விழுகிறதென்றால் அவன் உதை நம்பத்தக்கது. பதினெட்டு வயதுக்காரனின் உதையைத் திருத்திவிடலாம் என்று கிளப் நினைக்கும், இருபத்துமூன்று வயதுக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஓட்டச் சோதனைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தை ஒட்டி ஓடினால் உச்ச வரிசை, இருபது மீட்டரை மூன்று விநாடிக்குள் கடந்தால் வேகக்காரன். நடுக்களத்தில் ஆடுகிறவன் ஒரு போட்டியில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓட நேரும் என்பதால் முதலாவது முக்கியம். ஆனால் வயது கூடியவனுக்குச் சோதனையைவிட அவன் ஆடிய ஆட்டங்களே சாட்சி.

எந்த மட்டத்தில் ஆடிய ஆட்டம் என்பதையும் பாருங்கள். விக்டோரியாவின் விஎஃப்எல், தெற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்ஏஎன்எஃப்எல், மேற்கு ஆஸ்திரேலியாவின் டபிள்யூஏஎஃப்எல் ஆகிய மூன்றில்தான் தேர்வாளர்களின் கண் இருக்கும். டிம் கெல்லி 2017-இல் மேற்கு ஆஸ்திரேலிய லீகின் சிறந்த வீரருக்கான சாண்டோவர் பதக்கப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்று, அதே ஆண்டில் இருபத்துமூன்று வயதில் 24-ஆவது தேர்வாகப் போனார். வட்டார லீகில் வாரம் நாற்பது முறை பந்தைத் தொட்டாலும், மாநில லீகில் ஒரு முழுப் பருவம் ஆடாதவனுக்கு இந்த ஆண்டு பெயர் கொடு என்று நான் சொல்ல மாட்டேன், முதலில் அங்கே ஏறு என்பேன். தாமதமாகப் பழுக்கும் இடங்களும் உண்டு. பந்து எறியப்படும்போது எழும்பித் தட்டும் ரக் ஆட்டக்காரர்கள் உடல் முற்றியபிறகே சிறக்கிறார்கள், அவர்களுக்கு இருபத்துமூன்று ஒரு குறையே அன்று.

ஆண்டையும் பார்க்க வேண்டும். 2011-இல் கோல்ட் கோஸ்ட், 2012-இல் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி என்று இரு புதுக் கிளப்புகள் வந்தபோது சிறந்த இளம் பிள்ளைகள் அங்கே போய்விட, மற்ற கிளப்புகள் மாநில லீக்குகளின் பக்கம் திரும்பின. 2028-இல் டாஸ்மேனியா பத்தொன்பதாவது அணியாகச் சேர இருக்கிறது. அதையொட்டிய ஆண்டுகளில் இருபத்தைந்து வயதுக்காரனுக்குக்கூடக் கதவு சற்று அகலத் திறக்கலாம் என்பது என் ஊகம்.

கடைசியாக, வேலை. டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்க வேலையை விட வேண்டியதில்லை, விடவும் கூடாது. ரூக்கி ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்கானது, மிட் சீசனில் வருகிறவன் ஆறு மாதத்தில் வெளியே நிற்கவும் கூடும். என் மருமகன் தன் மேலாளரிடம், எடுக்கப்பட்டால் ஊதியமில்லா விடுப்பு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டான். அந்தத் தாளின் படத்தைக் காட்டியபிறகுதான் அக்கா சம்மதித்தாள், என் பேச்சுக்கு அதில் பெரிய பங்கில்லை.

டிராஃப்ட் அன்று மெல்போர்னில் மாலை ஏழு மணி என்றால், அவர்கள் கடிகாரத்தைக் கோடைக்காக முன்நகர்த்திய மாதம் என்பதால், நமக்கு மதியம் ஒன்றரை. தேசிய டிராஃப்டில் பெயர் வராவிட்டால் உடனே அழைத்து ஆறுதல் சொல்லாதீர்கள், ரூக்கி டிராஃப்ட் முடியும்வரை அவனுடைய தொலைபேசி கிளப்பின் அழைப்புக்காகக் காலியாக இருக்க வேண்டும். அதுவும் முடிந்தபின், மறுநாள் காலை அழைத்து, பயிற்சிக்கு எந்தக் கிளப்பாவது கூப்பிட்டதா என்று மட்டும் கேளுங்கள்.